காணி யார் பேரில்? கையெழுத்து யார் கையில்?



"இது ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம்" என்ற சொல்லைக் கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலே அடிக்கடி கேட்கிறோம். சீதனம் கேட்பவரும் வழக்கம் என்பார். கொடுப்பவரும் வழக்கம் என்பார். மணமகளின் அபிப்பிராயத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஆனால் எந்தக் காலத்து வழக்கம்? எந்த ஊர் வழக்கம்? இக்கேள்விகளை எழுப்பினால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆணுக்குரிய இடம், பெண்ணுக்குரிய இடம் என்று மனிதர் வகுத்த வரம்புகள் எல்லா நாட்டிலும் ஒன்றாய் இருந்ததில்லை. ஒரே நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றாய் இருந்ததில்லை. இதனை விளங்கிக்கொள்ளச் சீதனத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்குச் சொத்து உண்டா என்பது முதற் கேள்வி. அந்தச் சொத்தின்மீது அவளுடைய சொல் செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதற்கு "ஆம்" என்று பெருமையோடு கூறும் சமூகங்கள் பலவும் இரண்டாவதற்குத் தயங்கி நிற்பதைக் காண்போம்.

முதுசமும் சீதனமும்

யாழ்ப்பாணத்தாரின் வழமைகளை முதன்முதலாக ஏட்டில் எழுதுவித்தவர்கள் ஒல்லாந்தர். நெடுங்காலம் இங்கு வாழ்ந்து பழகிய திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707 ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்தார். அத்தொகுப்புத் தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. இதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 இல் இதற்குச் சட்டவலு அளித்தனர். பெண்களின் உரிமையையும் பேசும் இந்நூலை எழுதியவர் ஆண்; சரிபார்த்த பன்னிருவரும் ஆண்கள் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாக வகுக்கிறது. கணவன் தன் பரம்பரையிலிருந்து கொண்டுவருவது முதுசம்; மனைவி கொண்டுவருவது சீதனம்; இருவரும் கூடி வாழும் காலத்தில் தேடுவது தேடியதேட்டம். பண்டைய வழக்கப்படி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. தாயின் வளவு மகளுக்கு, அவளிடமிருந்து அவளுடைய மகளுக்கு என்று ஒரு நூல் அறாமல் ஓடிற்று. தாய்வழி உரிமை பேணிய மலையாளக் கரையின் வழக்கமும், தந்தைவழி பேணிய சோழமண்டலக் கரையின் வழக்கமும் இங்கே கலந்தன என்பது சட்ட அறிஞர் எச். டபிள்யு. தம்பையா போன்றோரின் கருத்து.

இந்த ஒழுங்கு போர்த்துக்கேயர் காலத்திலேயே மாறத் தொடங்கிவிட்டது என்று தேசவழமை நூலே கூறுகிறது. 1707 இல் எழுதப்படும்போது முதுசத்திலிருந்தோ, சீதனத்திலிருந்தோ, தேடியதேட்டத்திலிருந்தோ பெற்றோர் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் நிலை வந்திருந்தது. சீதனம் பெற்ற மகள் அதனோடு திருப்தியடைய வேண்டும்; எஞ்சியது சகோதரருக்கு. மறுபுறம், ஆண்மக்கள் மணமுடிக்குமுன் உழைத்ததெல்லாம், அணிந்திருந்த நகை போன்ற சில நீங்கலாக, பொதுக் குடும்பச் சொத்திலே சேரவேண்டும் என்றும் அந்நூல் விதித்தது. தங்கைமாரைக் கரைசேர்த்த பின்பே தன் கலியாணம் என்று காத்திருக்கும் அண்ணன்மாரை நாம் அறிவோம். ஆண்மகனின் தோளிலும் வழக்கம் பாரமேற்றுகிறது என்பதற்கு அவர்கள் சாட்சி.

ஆக, சீதனம் பிறந்தபோது அது மாப்பிள்ளையின் விலையாகப் பிறக்கவில்லை. பெண் தன் தாய்வீட்டிலிருந்து பெற்று, தன் மகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாகப் பிறந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் கையில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கத்துக்கும், "டொனேசன்" என்று நாகரிகப் பெயர் சூட்டிய தொகைக்கும் அந்தப் பழைய சீதனத்தோடு பெயரளவு உறவுகூட இல்லை. காணி அவளோடு இருக்கும். ரொக்கமோ வாசற்படி தாண்டியதும் பிறர் கடனை அடைக்கவும் பிறர் மகளின் சீதனத்துக்கும் போய்விடும்.

எழுதி வைக்கலாம், விற்க முடியாது

1911 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தாரின் விவாக உரிமை, உரித்துரிமை பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச்சொத்து என்று அது தெளிவாகக் கூறிற்று. நல்ல செய்தி! ஆனால் அடுத்து வருவதைக் கவனியுங்கள். நகை, பணம் போன்ற அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். மரணசாசனத்தின் மூலம் காணியையும் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். உயிரோடிருக்கும்போது அக்காணியில் ஒரு பரப்பை விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டுமானால், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இறந்தபின் செல்லும் அவளுடைய சொல், இருக்கும்போது செல்லாது!

கணவன் தன் முதுசத்தை விற்பதற்கு மனைவியின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. தீவின் பொதுச்சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் முழுச் சுதந்திரம் அளித்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்ணை அது விட்டுச்சென்றது.

பரம்பரைக் காணி பிறர் கைக்குப் போகாமற் காக்கவே இந்த ஏற்பாடு என்று வாதிடுவோர் உண்டு. அந்த நோக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் காக்கவேண்டிய காணி கணவனுக்கும் உண்டல்லவா? கணவன் கைவிட்டுச் சென்றால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி அளிக்கலாம் என்ற வழியும் சட்டத்தில் உண்டு. போரிலே கணவன் காணாமற்போன பெண்கள் தம் சொந்தக் காணிக்காகவே நீதிமன்றப் படியேற நேர்ந்தபோது, அந்த ஒரு கையெழுத்தின் பாரம் எவ்வளவு என்பது வெளிச்சமாயிற்று.

மட்டக்களப்பின் வழி

வடக்கிலிருந்து கிழக்கே செல்வோம். மட்டக்களப்பிலே குடிவழி தாயின் வழியாகவே செல்கிறது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. அங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தை 1876 இல் நூலாக்கி வெளியிட்டவர் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ. யாழ்ப்பாண வைபவமாலையை 1879 இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. அச்சட்டப்படி ஒரு மனிதனின் பரம்பரைச் சொத்து அவன் பிள்ளைகளுக்கன்றி, அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. அதே 1876 இல் அரசு பிறப்பித்த விவாக உரிமை, உரித்துரிமைச் சட்டம் காலப்போக்கிலே முக்குவர் சட்டத்தை நீதிமன்றத்திலிருந்து விலக்கிவிட்டது.

சட்டம் மறைந்தது, வழக்கமோ உருமாறி நிலைத்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டை எழுப்பிப் பெற்றோர் அங்கே ஒதுங்குவதும் கிழக்கிலே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வேரூன்றிய முறைகள். தன் வீட்டில், தாயும் சகோதரிகளும் அருகிலிருக்க வாழும் பெண்ணுக்கும், அறியாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார் சொல்லாமலே அறிவர்.

மாமன் கையில் திறப்பு

அப்படியானால் தாய்வழிச் சமூகங்களில் பெண்ணே ஆண்டாளா? 1861 இல் பாகோஃபன் என்னும் சுவிஸ் அறிஞர், ஆதியிலே உலகெங்கும் தாயாட்சி நிலவியது என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர் அதற்குச் சான்று காணவில்லை. வம்சம் பெண்வழி செல்வது வேறு. அதிகாரம் பெண்ணிடம் இருப்பது வேறு.

கேரளத்து நாயர்களின் மருமக்கத்தாயம் இதற்கு நல்ல பாடம். தறவாடு என்னும் கூட்டுக்குடும்ப வீடும் நிலமும் பெண்வழியாக இறங்கின. ஆனால் அவற்றை நிர்வகித்தவன் காரணவன் எனப்பட்ட மூத்த ஆண், பெரும்பாலும் தாய்மாமன். வீடு அவளுக்கு, திறப்பு மாமனுக்கு. 1933 இல் சென்னை மாகாணத்து மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டைப் பிரிக்க வழி திறந்தது. 1975 இல் கேரளச் சட்டமன்றம் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கியது. மாமனின் பிடி தளர்ந்தது. ஆனால் தாய்வீட்டில் இருப்பது தன் உரிமை என்று வாழ்ந்த பெண், கணவன் வீட்டில் குடியேறுபவளாகவும் ஆனாள். ஒரு சீர்திருத்தம் ஒன்றைத் தரும்போது இன்னொன்றை எடுத்துச்செல்வதும் உண்டு.

சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் இஸ்லாமியர். அவர்களிடமும் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. மேகாலயத்துக் காசி மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் பரம்பரை வீடு கடைசி மகளுக்கு உரியது. இரு இடத்திலும் குடும்பத்தின் பெயரால் பேசும் உரிமை வழக்கமாகத் தாய்மாமனுக்கே. வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களிடம் நிலை வேறு. அங்கு பணியாற்றிய இயேசு சபைக் குரு லஃபித்தோ 1724 இல் வெளியிட்ட நூலில், வயலும் விளைச்சலும் பெண்களுடையவை எனப் பதிந்தார். அம்மக்களிடம் குலத்தலைவனைத் தெரிவதும், தகுதியற்றவனை நீக்குவதும் குலத்தாயின் உரிமை. சொத்தும் சொல்லும் ஒரே கையில் இருத்தல் நடவாத காரியமல்ல என்பதற்கு இஃது ஓர் அத்தாட்சி.

நம் வீட்டுக் கதை

பிறரைப் பார்த்தோம், கிறிஸ்தவர்களாகிய நம்மையும் பார்ப்போம். நாயர் பெண்கள் வழியாக நிலம் இறங்கிய அதே கேரளத்திலே, 1916 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் நாலிலொன்று, அல்லது ஐயாயிரம் ரூபா, இவற்றில் எது குறைவோ அது போதும் என்றது. சீதனம் பெற்றவளுக்கு அதுவுமில்லை. மேரி ராய் என்னும் சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1986 இல் இந்திய உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்து, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது. கிறிஸ்தவ வட்டாரங்களிலேயே அத்தீர்ப்புக்கு எதிர்ப்பு எழுந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே தண்ணீரை வார்த்தவர்கள், காணியை அளக்கும்போது இரண்டு முழக்கோல் வைத்திருந்தார்கள்.

திருச்சபையின் பழைய போதனை ஒன்று இங்கே நினைவுக்குரியது. திருமணத்தை ஆக்குவது மணமக்கள் இருவரின் சுதந்திரமான சம்மதமே. 1563 இல் திரெந்துப் பொதுச்சங்கம் குருவும் சாட்சிகளும் வேண்டும் என விதித்தபோதும், பெற்றோரின் சம்மதமின்றேல் திருமணமே செல்லாது என்ற கூற்றைக் கண்டித்தது. பீடத்தின்முன் அவளுடைய "ஆம்" இல்லாமல் திருமணமே இல்லை. அப்படியிருக்க, பீடத்தைவிட்டு இறங்கியபின் அவளுடைய சொல் செல்லாக்காசு ஆகலாமா? பெண் என்பதற்காகக் காட்டப்படும் பாகுபாடு இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்று 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருக்கிறது.

"குடும்பத் தலைவர்" யார்?

இவை பழங்கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்தது. மகள்மாருக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் கடலோடு போயின. புதிய வீடுகள் எழுந்தபோது, பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்ற பத்தியில் கணவனின் பெயரே பதியப்பட்டது. உறுதியும் அவன் பேரிலேயே ஆயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு பத்தியால் கைமாறிற்று. தீங்கு செய்யும் எண்ணம் எவருக்கும் இருந்திராது; தலைவர் என்றால் ஆண்தான் என்ற பழக்கமே போதுமாயிருந்தது. மட்டக்களப்புப் பெண்கள் கூட்டுறுதி கேட்டுக் குரலெழுப்பினர்.

அரச காணி அனுமதிப்பத்திரங்களிலும் இதே கதை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து மகளுக்குமுன் மகனை வைத்தது. இந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இலேதான் நிறைவேறிற்று.

ஆதலால், அன்பர்களே, வழக்கம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர் வகுத்தனர், மனிதர் மாற்றினர், மாற்றும்போது பெண்ணின் பக்கம் குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. மகளுக்குக் கொடுப்பதை அவள் பேரிலேயே உறுதி முடித்துக் கொடுங்கள். ரொக்கம் கேட்கும் சம்பந்தத்தை மறுக்கும் துணிவைப் பெறுங்கள். நொத்தாரிசின் முன் அவள் ஒப்பமிடுமுன், வாசித்து விளங்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள். மகனைப் பெற்றவர்களே, இது உங்களுக்கும்தான்; கேட்பவர் இல்லையேல் கொடுப்பவர் கடன்படார்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தில் பாட்டி, தாய், மகள் மூவரும் பெற்ற சீதனத்தை ஒப்பிடுங்கள். காணி எவ்வளவு? ரொக்கம் எவ்வளவு? இன்று அது யார் கையில்?

2. உங்கள் ஊரில் வழங்கிய வீட்டுத்திட்டப் படிவங்களில் "குடும்பத் தலைவர்" என யார் பெயர் பதியப்பட்டது? கணவன் மனைவி இருவர் பெயரையும் பதியும்படி கேட்டவர் உண்டா?

3. சகோதரிகளுக்காகத் தம் வாழ்வைத் தள்ளிப்போட்ட ஆண்மக்களின் பாரத்தைக் குறைக்கப் பங்கு மக்களாகிய நாம் என்ன செய்யலாம்?