மிடி கீபோர்ட்டுக்கு மென்பொருள் தெரிவு செய்தல்

இணுவில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

மிடி கீபோர்ட் தானாக ஒலி எழுப்புவதில்லை. ஒரு விசையை அமுக்கினால், அது எந்த விசை, எவ்வளவு வேகமாக அமுக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டுமே கணினிக்குப் போகும். 1983இல் அறிமுகமான இந்த முறையில் ஒவ்வொரு விசைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடு ஸிக்கு 60. அமுக்கும் வேகமும் 127 வரையான எண்ணாகவே செல்லும். அந்த எண்களை வயலினாகவோ வீணையாகவோ ஒலிக்கச் செய்வதும் பதிவதும் திருத்துவதும் மென்பொருளின் வேலை. ஆகவே எந்த மென்பொருள் சிறந்தது என்று தேடுவதற்கு முன், அதைக் கொண்டு என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பதே முறை.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இரண்டு வகையாக வரும். ஒன்று, வீட்டிலோ சிறிய கலையகத்திலோ பாட்டு அமைத்துப் பதிவது: திருவிழாவுக்கு வெளியிடும் பக்திப் பாடல், பாடசாலைக் கீதம், தேவாலயப் பாடல், குறும்படத்துக்கான பின்னணி இசை. மற்றது, மேடையில் உடனுக்குடன் ஒலி எழுப்புவது: இசைக்குழுவில் வாசிப்பது, நாடகத்திலும் கூத்திலும் சங்கொலி, இடி, மணியோசை ஆகியவற்றை உரிய இடத்தில் ஒரு விசையை அமுக்கிக் கொடுப்பது. பதிவுக்கு வேண்டியது தடங்களை அடுக்கித் திருத்தும் வசதி. மேடைக்கு வேண்டியது ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலின்றி மாறும் வசதி.

எண்களாகப் பதிவதன் பயன் பாடகர் வந்து நின்றதும் தெரியும். ஒரு கட்டையில், அதாவது ஸியில், அமைத்த பாட்டை ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கு மாற்ற வேண்டுமானால், மிடித் தடங்களைத் தெரிவு செய்து எட்டு அரைச்சுரம் ஏற்றினால் போதும். மறுபடி வாசிக்கத் தேவையில்லை. தாளத்தடத்தை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு வாத்தியம். எட்டு ஏற்றினால் 36இல் இருந்த கிக் ட்ரம், 44இல் இருக்கும் ஹை-ஹட்டாக மாறிவிடும்.

இனி மென்பொருள்கள். பலருடைய கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஓடாசிட்டி குரலைப் பதிய நல்லது, மிடியைப் பதியாது. எல்.எம்.எம்.எஸ். இதற்கு நேர்மாறு: மிடியில் பாட்டு அமைக்கலாம், ஆனால் அதன் 1.2 பதிப்பில் ஒலிவாங்கியிலிருந்து குரலைப் பதிய முடியாது. குரலும் மிடியும் சேர்ந்த வேலைக்கு, விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவருக்கு ரீப்பர் பொருத்தமான தொடக்கம். தரவிறக்கம் சிறியது, போன் டேட்டாவிலும் எடுத்துவிடலாம். 60 நாட்கள் எல்லா வசதிகளோடும் பரீட்சித்துப் பார்க்கலாம். அதன் பின் தனியாள் உரிமம் 60 டொலர். பழைய கணினியிலும் ஓடும். பணமே செலவழிக்க முடியாத நிலையில் வேவ்ஃபோம் ஃப்ரீ இருக்கிறது. தட எண்ணிக்கைக்கு அதில் வரம்பில்லை. மாக் கணினி இருந்தால் கராஜ்பாண்ட் இலவசம். எஃப்.எல். ஸ்டூடியோ தாளக்கோவைகளை விரைவாகக் கட்ட ஏற்றது. ஆனால் அதன் பரீட்சார்த்தப் பதிப்பில் சேமித்த வேலையை மீண்டும் திறக்க முடியாது என்பதைத் தொடங்கும்போதே மனதில் வைக்க வேண்டும்.

ஏ. ஆர். ரஹ்மான் பாவிப்பது லாஜிக் என்பது பலருக்கும் தெரியும். அது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். விண்டோஸ்காரருக்கு அந்தத் தகவலால் ஆவது ஒன்றுமில்லை. கள்ளப் பிரதிகள் இலகுவாகக் கிடைக்கும். அவற்றோடு வைரஸும் வரலாம், புதுப்பிக்கவும் முடியாது, நிகழ்ச்சிக்கு முதல்நாள் திறக்க மறுத்தால் கேட்க ஆளுமில்லை.

மேடைக்கு மாக்கில் மெயின்ஸ்டேஜ், விண்டோஸில் கன்டபிலே போன்றவை உண்டு. துண்டு துண்டான ஒலிகளை விசைக்கு ஒன்றாக வைத்து எழுப்ப ஏபிள்டன் லைவ் வசதியானது. அதன் சுருங்கிய லைட் பதிப்பு பல கீபோர்ட்டுகளுடன் இலவசமாக வரும். பெட்டிக்குள் இருக்கும் பதிவு இலக்கச் சீட்டை எறியாமல் வைத்திருப்பது புத்தி.

மென்பொருளைக் குறை சொல்வோரில் பலருக்கு உண்மையான தொல்லை தாமதம்தான்: விசையை அமுக்கிச் சற்றுப் பிந்தியே ஒலி கேட்கும். கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்து அனுப்புவதால் இது வருகிறது. ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில், கட்டு 1,024 மாதிரிகளாக இருந்தால் தாமதம் 23 மில்லிசெக்கன். 256 என்றால் 6 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு. ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்லும் என்பதால், 10 மில்லிசெக்கன் தாமதம் ஒலிபெருக்கியிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமன். அதற்குக் கை பழகிவிடும். 23இல் தாளம் தடுமாறும். விண்டோஸில் இதற்குத் தீர்வு ஏ.எஸ்.ஐ.ஓ. ட்ரைவர். வெளி ஒலி இடைமுகம் வாங்கினால் அதனுடன் வரும், இல்லாவிட்டால் ஏ.எஸ்.ஐ.ஓ.4ஓல் என்ற இலவச ட்ரைவர் உண்டு. வாசிக்கும்போது 128 அல்லது 256 வைத்து, கலவை செய்யும்போது 1,024க்கு உயர்த்தினால் கணினி திணறாது.

அடுத்தது கமகம். கீபோர்ட்டின் சுரங்கள் நிலையானவை. தோடியின் காந்தாரம் நிலையாக நின்றால் அது தோடியாகாது. இடது கையால் பிட்ச் பெண்ட் சில்லை உருட்டிச் சுரத்தை அசைப்பதே வழக்கமான வழி. சென்னையின் கே. சத்யநாராயணன் இந்த முறையில் கீபோர்ட்டில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். சில்லின் வீச்சு வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாருவுக்கு அதைக் கூட்ட வேண்டும். ஒலி தரும் செருகுநிரலில் இந்த வீச்சை மாற்ற முடியுமா என்று பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியாக வளைக்க விடும் எம்.பி.இ. முறை 2018இல் தரப்படுத்தப்பட்டது. அதற்கேற்ற கீபோர்ட்டுகள் விலை கூடியவை.

நாதஸ்வரமும் தவிலும் வேண்டுமென்றால் ஒலிநூலகம் தேடுவதைவிட வாத்தியக்காரரை அழைத்துப் பதிவது மேல். மேதை தட்சிணாமூர்த்தியின் தவிலும், அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் பேர் வாங்கித்தந்த மண் இது, ஆளுக்குப் பஞ்சமில்லை. விசையில் தவில் வேண்டுமானால், வலந்தலையில் கூடு போட்ட விரலால் எழும் சொற்களையும் தொப்பியில் கழியால் எழும் சொற்களையும் தனித்தனியே பதிய வேண்டும். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று முறை எடுத்து, அமுக்கும் வேகம் 50 வரை முதலாவது, 95 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது என்று, பதிந்த ஒலிகளை விசைகளில் எழுப்பும் சாம்பிளரில் பிரித்துக் கொடுத்தால் அடி உயிரோடு கேட்கும். ரீப்பருடன் வரும் சாம்பிளரே இதற்குப் போதும். வாசித்தவரின் சம்மதமும் சன்மானமும் பெயரும் இதில் விடுபடக் கூடாது.

கடைசியாகப் பாதுகாப்பு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மேசைக் கணினியை விட நல்ல பற்றரி உள்ள மடிக்கணினியும், யூ.எஸ்.பி.யிலேயே மின்சாரம் எடுக்கும் கீபோர்ட்டும் இங்கே ஏற்றவை. தன்னியக்கச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். மென்பொருளும் நிலையானதன்று: கேக்வோக்கின் சோனார் தயாரிப்பை கிப்சன் 2017இல் நிறுத்தியது, 2018இல் பாண்ட்லாப் வாங்கியதால்தான் அது மீண்டது. எனவே முடிந்த ஒவ்வொரு பாட்டையும் அந்த மென்பொருளின் கோப்பாக மட்டும் வைக்காமல், மிடித் தடங்களை .மிட் கோப்பாகவும், ஒலித் தடங்களை ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்புகளாகவும் வெளியே எடுத்து, வேறொரு வன்தட்டிலும் சேர்க்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு தனித்தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட்; மிடிக் கோப்போ சில கிலோபைட்தான். இந்த இரண்டும் கையில் இருந்தால் நாளை எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பாட்டு கூடவே வரும்.

அன்புடன்,
சித்தப்பா