வாங்கும் எண்ணமின்றி ஏலம் கேட்கலாமா?



ஒரு பக்கம் செய்யாறு சிப்காட், இன்னொரு பக்கம் ஒரகடம். இடையிலுள்ள நம் பெருநகர், உத்திரமேரூர் பகுதியிலும் இன்று மனை விலைதான் பேச்சு. வங்கி ஏலத்திற்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. எனவே ஏலத்தின் மார்க்கச் சட்டத்தை அறிவது நமக்கு அவசியம்.

ஏலம் ஆகுமானதா?

ஆகும். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று நபியவர்கள் வினவ, இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு என்று ஆனது. (அபூதாவூத், திர்மிதீ)

தடுக்கப்பட்டது எது?

‘நஜ்ஷ்’. வாங்கும் எண்ணமே இல்லாமல், அடுத்தவரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்பது. இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். (புகாரீ, முஸ்லிம்) ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் அந்த விற்பனை செல்லும். ஆனால் அப்படிக் கேட்டவர் பாவியாவார்.

பாதிப்பு யாருக்கு?

நிலத்தில் இந்தப் பாவம் ஏலம் எடுத்தவரோடு நிற்பதில்லை. ஹைதராபாத் அருகே கோகாபேட்டில் அரசு நிலம் 2021-இல் ஏலம் விடப்பட்டது. ஏக்கருக்கு அடிப்படை விலை 25 கோடி ரூபாய். போனதோ சராசரியாக 40 கோடி. 2023 ஏலத்தில் அடிப்படை விலையே 35 கோடி. ஒரு மனை ஏக்கருக்கு 100 கோடியே 75 லட்சத்திற்குப் போனது. அங்கே நஜ்ஷ் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஒரு ஏலத்தில் எழும் விலை அடுத்த விலைக்கு அடித்தளமாகிறது என்பதையே கவனியுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் அந்த விலையைச் சொல்லித்தான் பேரம் பேசுவார். நேர்மையான போட்டியில் எழும் விலைக்கே இவ்வளவு வலிமை என்றால், பொய்யாக ஏற்றிய விலை என்ன செய்யும்? அந்த ஏலத்தையே அறியாத ஒரு கூலித் தொழிலாளி, இரண்டு சென்ட் மனைக்கு அதன் சுமையைச் சுமப்பார்.

கூடிப் பேசி விலையைக் குறைப்பது

மறுபுறமும் உண்டு. நாலு பேர் முன்கூட்டியே பேசி வைத்து, ஒருவர் மட்டும் கேட்க, மற்றவர்கள் பங்கு வாங்கிக்கொண்டு ஒதுங்குவது. வங்கி ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை கடன்பட்டவருக்கே சேர வேண்டும். விலை குறைந்தால் அது பறிபோகும். கடன் தீராவிட்டால் பாக்கியும் அவர் தலையில்தான். வீட்டை இழந்து நிற்பவரிடமிருந்து எடுத்த பங்கு எப்படி ஹலாலாகும்? பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று அல்லாஹ் தடுப்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்தில் காண்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

ஏலத்திற்குப் போகுமுன் வில்லங்கச் சான்று, பட்டா, அக்கம்பக்கத்தில் பதிவான விலை ஆகியவற்றைப் பாருங்கள். நம் சக்திக்குட்பட்ட தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஏல வேகத்தில் அதைத் தாண்டாதீர்கள். வங்கி ஏலத்தில் கால்பங்கை உடனே கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாக 15 நாளில் கட்ட வேண்டும். தவறினால் கட்டியதும் போகும். நண்பருக்காக “சும்மா ஒரு விலை கேள்” என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, ஹலாலான இருப்பிடத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.