நாட்டுப் பன்றிக்கு வேலி அவசியம்

வேலூர், ஆம்பூர்ப் பக்கங்களிற் குடும்பத்தார் வளர்க்கும் கறுப்பு நாட்டுப் பன்றி வெயிலையும் எளிய தீனியையும் தாங்கும். ஆயினும் அதைத் தெருவில் மேயவிடுதல் பெருங்கேடு. மனித மலத்திலுள்ள நாடாப்புழு முட்டைகளைத் தின்ற பன்றியின் தசையில் அரிசிமணி போன்ற கட்டிகள் தோன்றும்; அவ்விறைச்சியை அரைவேக்காடாய் உண்பவர் குடலிற் புழு வளரும். அவர் மலத்திலுள்ள முட்டைகள் கையாலோ காய்கறியாலோ பிறர் வாயிற் புகுந்தால், மூளையிற் கட்டியாகி வலிப்பு உண்டாகும். புலால் தொடாதவரும் இதற்கு விலக்கல்லர்! வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இவ்வட்டாரத்தில் இந்நோயை ஆராய்ந்துள்ளனர்.

ஆகவே சங்கத்து அங்கத்தினர் பன்றியை வேலிக்குள்ளேயே மேய்த்தல் வேண்டும். அது மூக்காற் கிளறுமாதலால் வேலியின் அடி மண்ணுள் இறங்கியிருத்தல் நலம். வியர்வையால் உடல் தணியாத பிராணியாகையால் மரநிழலும் சேற்றுக்குட்டையும் தேவை. தோல் பதனிடும் சாலையின் கழிவுநீரைக் குட்டையில் விடலாகாது. அதில் உப்பும் குரோமியமும் உண்டு. வீட்டார் அனைவரும் கக்கூஸை உபயோகித்தல் வேலியினும் முக்கியம்.