முதல் பங்கை வாங்கும் முன்

ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். மிஞ்சுவதில், ஐந்தாண்டுக்குத் தேவைப்படாததை மட்டும் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கவே வேண்டாம்.

நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கப் பழகும்வரை, நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகையை எஸ்.ஐ.பி.யாகப் போட்டாலே போதும். உங்கள் பணம் 50 பெரிய நிறுவனங்களில் பிரிந்து நிற்கும்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் ‘நிச்சய லாபம்’ என்று யாராவது டிப்ஸ் கொடுத்தால் உடனே வெளியேறுங்கள். ஆலோசகர் என்று வருபவரின் பதிவு எண்ணை செபி இணையதளத்தில் சரிபாருங்கள். பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் நாமினி பெயரையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.