காயப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவோம்



இம்முறை பாடத்தில் பாரமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். கொடூரமான ஒரு வன்செயல் நடந்து, அதைக் கண்ட பிள்ளைகளும் இளைஞர்களும் மனம் உடைந்து நிற்கும்போது, கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? நமது லயங்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிறோம். ஆகவே வேதத்திலிருந்து எடுத்துச் சொன்னாலும், பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் இது உதவும் என நம்புகிறோம்.

நடந்தது என்ன?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பிலுள்ள மூன்று பெரிய ஹோட்டல்கள் ஆகிய இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் 40 பேருக்கு மேல் சிறுவர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரத்தில் குண்டு வெடித்தது. அங்கே மாண்ட சுமார் 30 பேரில் 14 பேர் சிறுவர்கள்.

செத்துப்போனவர்களுக்காக அழுதோம். ஆனால் தப்பிய பிள்ளைகள்? தம்பியை இழந்த அக்கா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளியை இழந்த பையன், டீவியில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயந்த புள்ளைகள்? அவர்களுடைய காயத்திற்குக் கட்டுப் போட முடியாது. வெளியே தெரிந்தால்தானே!

மலையகத்தாருக்கு இது புதிதல்ல. 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களும் சின்னப் பிள்ளைகள்தான். “என்னாச்சும்மா, பயந்துட்டியா?” என்று அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டார்கள்? பேசாமல் விட்ட பயம் அப்படியே உள்ளுக்குள் தங்கிவிடுகிறது. சிலருக்கு அது தூக்கமின்மையாக மாறுகிறது. சிலருக்குக் குடியாகவும் கோபமாகவும் மாறி, அடுத்த தலைமுறைப் பிள்ளையின் முதுகில் விழுகிறது.

முதலாவது: காரணம் சொல்லப் போக வேண்டாம்

துக்க வீட்டில் நாம் நல்ல மனதோடுதான் பேசுகிறோம். “எல்லாம் ஆண்டவன் சித்தம்”, “நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிடும்”, “என்ன பாவம் செஞ்சாங்களோ”. பெரியவர் காதில் இது ஒரு விதமாக விழும், பிள்ளையின் காதில் வேறு விதமாக விழும். “அப்போ என் தம்பியைக் கொன்னது சாமியா?” என்று அது யோசிக்கும். வாய்விட்டுக் கேட்காது.

லூக்கா 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். வணக்க நேரத்தில் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று இயேசு தெளிவாகச் சொன்னார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றியும் அதையேதான் சொன்னார். செத்தவர் தலையில் பழியைப் போடும் பேச்சை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நமக்கும் அந்தப் பேச்சு வேண்டாம்.

யோபுவின் மூன்று சிநேகிதரையும் நினைத்துப் பாருங்கள். வந்தவுடன் சத்தமிட்டு அழுதார்கள். ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து “நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்” என்று விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்னவர்கள் மேல்தான்.

இரண்டாவது: முதலில் ரொட்டி, பிறகு பேச்சு

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், நான் சாக வேண்டும் என்று வேண்டுகிறார். கடவுள் அவரை ஏசவில்லை. “உனக்கு விசுவாசம் இல்லையா?” என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தொட்டு எழுப்பினான். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். இவ்வளவுக்கும் பிறகுதான், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்த பின்னர், இங்கே உனக்கு என்ன காரியம் என்று கடவுள் கேட்கிறார். எலியா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுகிறார், ஒரு முறையல்ல, இரண்டு முறை. கடவுள் இரண்டு முறையும் கேட்டார். பிறகு அவருக்குச் செய்ய ஒரு வேலையையும், கூட நிற்க எலிசா என்ற துணையையும் கொடுத்தார்.

காயப்பட்ட பிள்ளைக்குச் செய்ய வேண்டியது இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது: சாப்பாடு, தூக்கம், கூட இருத்தல், காது கொடுத்தல், பிறகு சின்ன ஒரு வேலை, ஒரு துணை. நமது காம்பராவில் தேங்காய் ரொட்டியும் சாயத்தண்ணியும் இருந்தால் போதும். அடுப்படியில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தால், கேட்காமலே பேச்சு வரும். வராவிட்டால் நாளைக்கு வரும்.

பிள்ளை சொன்னதையே திரும்பச் சொன்னாலும் “அதான் சொல்லிட்டியே” என்று வெட்டிவிட வேண்டாம். ஆண் பிள்ளை அழுதால் “பொட்டப்புள்ள மாதிரி அழாதே” என்று சொல்லவும் வேண்டாம். லாசருவின் கல்லறையண்டையில் இயேசுவே கண்ணீர் விட்டார்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

பயந்த பிள்ளை “பயமா இருக்கு” என்று சொல்வது குறைவு. உடம்பும் நடத்தையும்தான் சொல்லும்.

1. சின்னப் பிள்ளைகள்: படுக்கையில் மூத்திரம் போதல், தாயை விட்டுப் பிரியாமை, இராத்திரி அலறி எழும்புதல், காரணமில்லாத வயிற்றுவலி, பட்டாசுச் சத்தத்திற்கு நடுங்குதல்.

2. வளர்ந்த பிள்ளைகள்: பாடசாலைக்குப் போக மறுத்தல், கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், சட்டென்று கோபம், குடி, “நான் இருந்து என்ன” என்ற பேச்சு.

சில கிழமைகளில் குறைந்தால் நல்லது. குறையாவிட்டால், அல்லது கூடினால், மிட்வைஃப் அம்மாவிடமோ டிஸ்பென்சரியிலோ சொல்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

சாகிற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். “சாகணும்னு தோணுதா?” என்று அமைதியாக நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பாரம்தான் குறையும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சி மருந்து எதுவும் காம்பராவில் இருக்கவே கூடாது. நமது நாட்டில் தற்கொலை 1995ஆம் ஆண்டளவில் உச்சத்தில் இருந்தது. கடுமையான நஞ்சு மருந்துகளைத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. கைக்கெட்டாமல் வைப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சிறுவர்களுக்குக் கொடுமை நடந்தால் 1929. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது: கோபத்தை என்ன செய்வது?

இளைஞர்களுக்குக் கோபம் வரும். அது பாவமல்ல. ஆனால் அந்தக் கோபத்தைக் குற்றமற்றவன் மேல் திருப்பிவிட வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள். 2019 மே மாதத்தில் அதுதான் நடந்தது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் குண்டுக்குச் சம்பந்தமேயில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிரும் போனது. பிள்ளைகளைப் பறிகொடுத்த கிறிஸ்தவ மக்களைப் பழிவாங்க வேண்டாம் என்று பேராயர் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டார்.

யாரோ செய்த குற்றத்துக்காக ஒரு சனத்தையே அடிப்பது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1983இல் நமது லயங்களில் நெருப்பு வைத்தபோது நாம் செய்த குற்றம் என்ன? டவுன் கடையில் நமக்குக் கடனுக்குச் சாமான் தரும் முஸ்லிம் முதலாளியின் பிள்ளையும் நம் பிள்ளை போலத்தான்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலுவையில் தம்மை அறைந்தவர்களுக்காக இயேசு மன்னிப்புக் கேட்டார். காயப்பட்டவரே அதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். காயப்படாத நாம், காயப்பட்ட பிள்ளையிடம் போய் “மன்னிச்சிடு, மறந்துடு” என்று அவசரப்படுத்த நமக்கு உரிமையில்லை. அது தன் நேரத்தில் வரட்டும்.

நீதி கேட்பதும் பகையல்ல. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போன விதவையின் கதையை இயேசுவே சொன்னார். முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கவில்லை என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் அதிகாரிகளும் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் கல்லெடுக்காமல் வழக்கெடுத்துப் போனதால் வந்த தீர்ப்பு அது. நம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்.

கூடிப் பேச

1. நமது லயத்தில் சமீபத்தில் மரணத்தையோ, அடிதடியையோ கண்ட பிள்ளை யார்? அந்தப் பிள்ளையிடம் யார் பேசுகிறார்கள்?

2. துக்க வீட்டில் நாம் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளில் எதை விட்டுவிடலாம்?

3. நம் காம்பராவில் மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு இன்று இரவே பதில் தேடுங்கள். முதலாவது கேள்வியில் ஒரு பிள்ளையின் பெயர் மனதில் வந்தால், நாளைக்கு மலையிலிருந்து இறங்கி வரும்போது அந்த இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டாலே போதும்.