மருந்தாய்வுக் கம்பெனியின் ரொக்க ஓட்டம்: ஒரு பாடம்

மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர் போன்ற நெல்லைச் சீமையின் ஊர்களில் வளைகுடா நாடுகளில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் இன்று கம்பெனிப் பங்குகளின் பக்கம் பார்வையைத் திருப்பியுள்ளனர். சாராயக் கம்பெனி கூடாது, வட்டித் தொழில் கூடாது என்பதை அவர்கள் நன்கறிவர். ஆனால் புது மருந்து கண்டுபிடிக்கும் கம்பெனி என்றால், “நோய் தீர்க்கும் தொழில்தானே, இதில் என்ன தடை?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுதான். எனினும், தொழில் ஹலாலானது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அக்கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பார்த்த பிறகே விடை சொல்ல முடியும். அதைக் காட்டுவது ரொக்க ஓட்டக் கணக்கு. அதை வாசிப்பது எப்படி என்பதை இங்கு பார்ப்போம்.

அணையிலிருந்து ஒரு கணக்கு

பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. அணையில் இத்தனை அடி தண்ணீர் என்று பத்திரிகையில் படித்தவுடன் கார் நாற்றுப் பாவும் விவசாயி இல்லை. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று சேர்த்தே பார்ப்பார். அணையில் 2,000 மில்லியன் கன அடி நீர் இருப்பதாகவும், விநாடிக்கு 400 கன அடி வந்து 1,000 கன அடி வெளியேறுவதாகவும் வைத்துக்கொள்வோம். நிகரமாகக் குறைவது விநாடிக்கு 600 கன அடி. ஒரு நாளைக்குச் சுமார் 52 மில்லியன் கன அடி. ஆக, அந்நீர் ஏறக்குறைய 38 நாட்களுக்கே தாங்கும். பயிருக்கு அதைவிட அதிக நாட்கள் வேண்டும். மழை பொய்த்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான்.

விற்பனைக்கு ஒரு மருந்தும் வராமல், மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் நிலையில் இருக்கும் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியும் கோடைக்கால அணையைப் போன்றதே. வரத்து சொற்பம், வெளியேற்றமோ நிற்பதில்லை. அதன் லாப நஷ்டக் கணக்கு ஆண்டுதோறும் நஷ்டத்தையே காட்டும், அது வியப்பல்ல. எத்தனை மாதம் தாங்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று வாய்க்கால்கள்

ரொக்க ஓட்டக் கணக்கு மூன்று பகுதிகளாக இருக்கும். முதலாவது, அன்றாடத் தொழில் நடவடிக்கைகள்: விஞ்ஞானிகளின் சம்பளம், பரிசோதனை நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டணம், மருந்து உரிமையைப் பிறருக்குக் கொடுத்துப் பெறும் தொகை ஆகியவை. இரண்டாவது, முதலீட்டு நடவடிக்கைகள்: இயந்திரம் வாங்குதல், வங்கியில் டெபாசிட் போடுதல், எடுத்தல். மூன்றாவது, நிதி திரட்டும் நடவடிக்கைகள்: பங்கு விற்றல், கடன் வாங்குதல், கடனைத் திருப்பிக் கொடுத்தல்.

ஓர் உதாரணம் பாருங்கள். துருக்கியப் பூர்வீகம் கொண்ட உகுர் சாஹின், ஓஸ்லெம் துரெஜி தம்பதியர் உள்ளிட்டோர் 2008இல் ஜெர்மனியில் தொடங்கிய பயோன்டெக் கம்பெனி, 2020இல் கொரோனா தடுப்பூசிக்காக அமெரிக்காவின் ஃபைசருடன் ஒப்பந்தம் செய்தது. ஆரம்பத்தில் கிடைக்க இருந்தது 18 கோடியே 50 லட்சம் டாலர். இதில் 7 கோடியே 20 லட்சம் உரிமைக்கான முன்பணம்; அது முதற்பகுதியில் சேரும். எஞ்சிய 11 கோடியே 30 லட்சம் பங்குகளுக்கான விலை. அது மூன்றாம் பகுதியில் சேரும். முன்னது உழைப்பின் பலன். பின்னது பங்காளி ஒருவர் கூடியதால் வந்தது. இரண்டையும் கூட்டி “வருமானம்” என்று பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பங்கு விற்றுப் பணம் திரட்டுவது குற்றமல்ல. ஆனால் 10 கோடிப் பங்குகள் இருந்த கம்பெனி மேலும் 5 கோடிப் பங்குகளை வெளியிட்டால், நம் 1,000 பங்குகளின் பாத்தியதை மூன்றில் ஒரு பாகம் சுருங்கிவிடும். ஆகவே ஆண்டுதோறும் மூன்றாம் வாய்க்காலிலிருந்தே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

நம் நாட்டில் நடந்தது

2007இல் சன் பார்மாவிலிருந்து ஆராய்ச்சிப் பிரிவு தனியே பிரிக்கப்பட்டு, சன் பார்மா அட்வான்ஸ்டு ரிசர்ச் கம்பெனி, அதாவது ‘ஸ்பார்க்’, தனிக் கம்பெனியாகிப் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் வலிப்பு நோய் மருந்தான எலெப்சியாவுக்கு 2015 மார்ச்சில் அமெரிக்க மருந்துத் துறையின் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தயாரிப்புக்கூடம் தரவிதிகளுக்கு உட்பட்ட நிலையில் இல்லை என்று கூறி அவ்வனுமதி திரும்பப் பெறப்பட்டது. மறுபடியும் அனுமதி வந்தது 2018இல்தான். மருந்தில் பழுது சொல்லப்படவில்லை. ஆயினும் எதிர்பார்த்த வரத்து மூன்றாண்டுகள் தள்ளிப்போயிற்று. பின்னர் 2024இல், பார்க்கின்சன் நோய்க்கான வோடோபாடினிப் என்ற மருந்து இடைக்கால ஆய்வில் பலன் காட்டவில்லை என்று தெரிந்து, அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது.

இதில் யாரையும் குறைகூறுவதற்கில்லை. இத்தொழிலின் இயல்பே இது. மனிதரிடம் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூடக் கடைசியில் தேறுவதில்லை. முதற்கட்டத்தில் சில பத்துப் பேர், இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கானோர் என்று ஆள் கூடக்கூடச் செலவும் ஏறும். எனவே சென்ற ஆண்டுச் செலவை மட்டும் வைத்து வரும் ஆண்டை அளக்கக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்துக்காக நாமே ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனியிடம் ரொக்கம் 30 கோடி ரூபாய், வங்கி டெபாசிட் 150 கோடி. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டுகள் பொதுவாக “ரொக்கம்” என்ற தலைப்பில் வராது. டெபாசிட் போட்ட தொகை இரண்டாம் பகுதியில் வெளியே போனதாகவே காட்டப்படும். 30 கோடியை மட்டும் கண்டு அஞ்சுவதும் தவறு. இரண்டையும் கூட்ட 180 கோடி. தொழில் நடவடிக்கைகளில் ஆண்டுக்கு 120 கோடி வெளியேறினால் மாதம் 10 கோடி. 18 மாதம் தாங்கும். மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கி மாதம் 15 கோடியானால் 12 மாதமே. பரிசோதனை முடிய இரண்டாண்டு ஆகுமென்றால் மீதிப் பணம் எங்கே என்று கேட்டேயாக வேண்டும்.

வட்டி இருக்கும் இடம்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். மேற்படி 150 கோடி டெபாசிட்டுக்கு ஆண்டு வட்டி 10 கோடி, மருந்து உரிமைக்காக வந்தது 10 கோடி என்றால், மொத்த வருமானத்தில் சரிபாதி வட்டி! மருந்துக் கம்பெனி என்ற பெயருக்குள் இது மறைந்து கிடக்கிறது. இந்தியக் கணக்கு விதிகளின்படி, இத்தகைய கம்பெனி பெற்ற வட்டி இரண்டாம் பகுதியில் தனி வரியாக இருக்கும். கொடுத்த வட்டி மூன்றாம் பகுதியில் இருக்கும். அவ்விரு வரிகளையும் விரல் வைத்துத் தேடுங்கள்.

பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி என்ற அமைப்பின் ஷரீஅத் அளவுகோல், கூடாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வட்டி சிறிதும் கலக்கக் கூடாது என்ற கருத்துடைய ஆலிம்களும் உண்டு. நம் மாதிரிக் கம்பெனியோ சலுகையளிக்கும் அளவுகோலிலேயே தேறவில்லை. விற்பனை நடக்கும் மருந்துக் கம்பெனியில் அதே 10 கோடி வட்டி ஒரு சிறு பங்காகத் தோன்றும். விற்பனை இல்லாத இடத்தில் அதுவே பெரும் பங்காகிவிடுகிறது.

விவரம் அறியாமல் ஏற்கெனவே 1,000 பங்குகள் வாங்கிவிட்டவர், மொத்தம் 10 கோடிப் பங்குகள் எனில், பங்குக்கு ஒரு ரூபாய் வீதம் 1,000 ரூபாயை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழித்துவிட வேண்டும். பங்கைத் தொடர்ந்து வைத்திருப்பது பற்றி, ஆண்டறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

“நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு ஜகாத் ஏது?” என்று எண்ணுவோரும் உளர். ஜகாத் லாபத்தின் மீது மட்டும் விதிக்கப்பட்டதல்ல. ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1988இல் பங்குகளின் ஜகாத்தை ஆராய்ந்து, அது பங்குதாரர்களின் கடமை எனத் தீர்மானித்தது. விற்று லாபம் காணவே பங்கு வாங்கியவர் சந்தை விலைக்குக் கணக்கிட வேண்டும். நீண்டகாலம் வைத்திருப்பவர், கம்பெனியிடமுள்ள ஜகாத்துக்குரிய பொருளில் தம் பாகத்தைக் கணக்கிடலாம் என்பது பலரின் முடிவு. 180 கோடியில் வட்டி 10 கோடியைக் கழித்தால் 170 கோடி. பங்குக்கு 17 ரூபாய். 1,000 பங்குகளுக்கு 17,000 ரூபாய்; அதன் இரண்டரை சதவீதம் 425 ரூபாய்.

கடைமடையை மறவாதீர்

கடைசியாக ஒன்று. பணம் நடுவழியில் தீர்ந்தால் பாதிக்கப்படுவது பங்குதாரர் மட்டுமல்லர். தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்த நோயாளிகள் இருக்கின்றனர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் அளிக்கும் பொறுப்பு அதை நடத்துவோருடையது. அதற்கும் அணையில் தண்ணீர் வேண்டுமல்லவா? நீரின் கணக்குப் பாராமல் நடவு செய்தவன் கடைமடையைக் காயவிடுவது போல, ரொக்கத்தின் கணக்குப் பாராமல் பரிசோதனையைத் தொடங்குபவன் ஓர் அமானிதத்தை வீணாக்குகிறான்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். எழுதிய கணக்கை வாசிப்பதும் நம் கடமையில் சேர்ந்ததே. கணக்கைப் பார்த்துக் கால் வைக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம்மனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.