மாற்று உறுப்பும் இரத்தப் புற்றும்

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இருவரும் ஒரே கருவில் தோன்றியவர்கள். ஆகவே உடல் அச்சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதவில்லை. ஆனால் நோயாளிகள் எல்லோருக்கும் இரட்டையர் வாய்ப்பரோ?

பிறர் உறுப்பைப் பொருத்தினால் நம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அதனைப் பகையெனக் கொண்டு தாக்கும். இத்தாக்குதலை அடக்க 1960களில் அசதயோப்ரினும், 1980களில் சைக்ளோஸ்போரினும் பயன்பாட்டுக்கு வந்தன. மாற்று உறுப்புகள் பிழைத்தன. ஆனால் புதியதோர் இடரும் உடன் வந்தது. சிறுநீரகம் பெற்றோர் சிலருக்கு, இரத்தப் புற்று வகைகளுள் ஒன்றான நிணநீர்ப் புற்று தோன்றுவதை 1960களின் இறுதியில் டாக்டர்கள் இஸ்ரேல் பென், தாமஸ் ஸ்டார்ஸல் முதலியோர் கண்டு எழுதினர்.

இதற்குக் காரணம் யாது?

1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ், வளர்ந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் உடலில் உள்ளது. வெள்ளணுக்களுள் 'பி' அணுக்களில் அது உறங்கிக் கிடக்கிறது. 'டி' அணுக்கள் அதற்குக் காவல். மாற்று உறுப்பைக் காக்கத் தரும் மருந்து இக்காவலை அடக்கிவிடுகிறது. அப்போது வைரஸின் தூண்டுதலால் 'பி' அணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. நோயைத் தடுக்க வேண்டிய அணுவே நோயாகிறது; வேலியே பயிரை மேய்கிறது! எனினும், பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் கட்டிகள் பலவற்றில் இவ்வைரஸ் இருப்பதில்லை.

இந்நோய் உறுப்பு பெற்ற எல்லோருக்கும் வருவதன்று. சிறுநீரகம் பெற்றோரைவிடக் குடல், நுரையீரல் பெற்றோருக்கு இடர் மிகுதி. வைரஸை முன்பு சந்தித்திராத குழந்தைகளுக்கும் அவ்வாறே. விடாத காய்ச்சல், உடல் மெலிவு, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுதல் ஆகியவை அறிகுறிகள்.

சிகிச்சை என்ன?

மருந்தின் அளவைக் குறைத்தால் கட்டி கரைவதுண்டு என்று 1984இல் ஸ்டார்ஸல் குழுவினர் அறிவித்தனர். இன்றும் முதற்படி அதுவே. ஆனால் அளவு மிகக் குறைந்தால் பெற்ற உறுப்பை இழக்க நேரும். குறைக்காவிடில் உயிருக்கே ஆபத்து. இது போதாதவர்களுக்கு, 'பி' அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும், புற்றுநோய்க்குரிய பிற மருந்துகளும் உதவுகின்றன. பிறர் அளித்த 'டி' அணுக்களை இவ்வைரஸைத் தாக்கப் பழக்கி உருவாக்கிய சிகிச்சையை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. உறங்கிய காவலனுக்குப் பதிலாக வேறொரு காவலனை அனுப்பும் முறை இது.

எனவே, உறுப்பு பெற்றவர் மருந்தைத் தாமே நிறுத்துதலும் கூடாது. காய்ச்சலைச் சிறிதென எண்ணி வாளாவிருத்தலும் கூடாது. பகையை விரட்டும் ஆற்றலும் வேண்டும், புதிய உறவை ஏற்கும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டையும் ஓர் உடலில் சமன் செய்வதே மருத்துவர்முன் உள்ள பெரும்பணி.